துடைத்த கிணறு

கிணற்றைத்தான் ஸும்ரா முதலில் கண்டாள். அதற்குப் பக்கத்தில் கைகட்டி நின்ற ஆளை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

கிராம அலுவலரான விதானையாரிடமிருந்து வாப்பா வாங்கி வந்த கடிதம் அது. உறைக்குள் இரண்டு தாள். ஒன்று, மன்னார்ப் பக்கம் விளாத்தியடியில் அவளுடைய வாப்பா நெய்னார் உரிமை கேட்டிருந்த காணிக்கு ஆட்சேபணை வந்திருப்பதாகவும், வருகிற வியாழக்கிழமை விசாரணைக்கு ஆஜராகும்படியும் அரசாங்கக் கந்தோர்த் தமிழில் சொன்னது. மற்றது, ஆட்சேபணைக்காரர் ஆதாரமாகக் கொடுத்திருந்த தேர்தல் பெனர் ஒன்றின் கலர்ப் பிரதி. வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள். பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு கிணறு, ஒரு புளிய மரம். 'தாஹிர் ஹாஜியார், விளாத்தியடி மண்ணின் பிள்ளை' என்று பச்சை எழுத்து. எழுத்துக்குக் கீழே தங்க நிறத்தில் மெல்லிய கோடு. அந்தக் கோடு எத்தனை புள்ளி தடிப்பு என்று ஸும்ராவை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் போட்ட கோடு.

"ஆட்சேபணை யாரு மகள் போட்டிருக்கிறது?" என்றார் நெய்னார். பீங்கானில் பாண் துண்டைப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"தாஹிர் மாமா."

"எங்கட தாஹிர் மச்சானா?" நெய்னார் கையைக் கழுவிவிட்டு வந்து தாளை வாங்கினார். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "இது எங்கட கிணறு இல்ல மகள். அவன் வேற எதையோ காட்டுறான். ஒண்டும் பயமில்ல."

மிச்சப் பாணையும் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். போகும்போது ஏதோ பைத்துப் பாட்டுப் படித்துக்கொண்டு போனதும் ஸும்ராவின் காதில் விழுந்தது. அவருக்கு அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஏனென்றால் அது அவர்களுடைய கிணறேதான்.

நெய்னார் தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை இயக்கம் வெளியேற்றியபோது, இரண்டு நாள் தவணையில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டியில் கரையேறியவர். அப்போது இருபத்தேழு வயது. காணிப் பெர்மிட்டை அரிசிப் பேணிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, நாலு நாளில் திரும்பி வந்துவிடலாம் என்று வந்தார். முப்பத்தைந்து வருசமாயிற்று; வீடுமில்லை, பேணியுமில்லை. கிடுகுக் குடிசை முகாம் கல்வீடாகி, அதற்குக் கூரைத் தகடும் போட்டாயிற்று. ஊரில் இன்னும் 'கேம்ப்' என்றுதான் பெயர். அவருக்கு ஆறு கூடப்பிறப்பு. மூன்று பேர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். மற்றவர்கள் காட்டோடு காடாய்ப் போன காணியைக் கைகழுவிவிட்டார்கள். நெய்னார் மட்டும் விடவில்லை. இரண்டாயிரத்துப் பதினாறில் ஒருதரம் போய், பற்றைக்குள் புகுந்து, காலெல்லாம் முள் கிழிக்கக் கிணற்றைக் கண்டுபிடித்து, போனில் ஒரேயொரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். அன்றே விண்ணப்பமும் போட்டார். அந்த போன் பிறகு உப்புப் பாத்தியில் விழுந்து செத்தது.

ஸும்ரா பிறந்தது புத்தளத்தில். விளாத்தியடியை அவள் கண்டதில்லை. முன்னறையில் ஒரு கொம்பியூட்டரும் ஒரு பழைய லெப்டொப்பும் வைத்து, ஆட்களுக்கு விசிட்டிங் கார்ட், லெட்டர்ஹெட், பேஸ்புக் முகப்பு, பெனர் எல்லாம் செய்து கொடுக்கிறாள். பேர்சனல் பிரான்டிங் என்று பெயர். ஓர் ஆளுக்கு ஒரு நிறம், ஓர் எழுத்து, ஒரு முகம், ஒரு வரி. ஒரு தரம் பார்த்தவன் மறக்கக் கூடாது. உம்மா ஸக்கியா அக்கம்பக்கத்தாருக்கு இதை வேறு விதமாக விளக்குவாள்: "என்ட மகள் ஆள் சோடிக்கிறா."

சிலாபத்து டியூசன் மாஸ்டர் முதல் கொழும்பு உம்றா ஏஜென்ட் வரை அவளிடம் சோடித்தவர்கள்தான். தன்னையும் அவள் சோடித்திருந்தாள். 'ஸும்ரா: புத்தளத்துக் கைவண்ணம்' என்று உப்புக் குவியல் படத்தோடு ஒரு முகப்பு. கேம்ப் என்று போட்டால் கொழும்பு ஆட்கள் கூப்பிடமாட்டார்கள் என்பது அவள் கண்ட அனுபவம்.

இரண்டு வருசத்துக்கு முன் தாஹிர் வந்தார். நெய்னாரின் மாமி மகன், இறால் பண்ணைக்காரர், பாலாவியில் மாடி வீடு. மன்னார்ப் பக்கம் பிரதேச சபைக்கு நிற்கப்போவதாகச் சொல்லி, முன்னறைக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஸக்கியா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். ஊர்ச் சனம் தன்னைப் புத்தளத்தான் என்று சொல்லக் கூடாது, பார்த்ததும் விளாத்தியடியான் என்று தெரியவேண்டும், அதற்கு ஏற்றாற்போல் ஒரு படம் வேண்டும் என்றார். ஸ்டூடியோவில் எடுத்த படம் கையிலிருந்தது. பின்னால் வைக்க ஊர்ப்படம்தான் இல்லை.

ஸும்ரா தேடினாள். இணையத்தில் கிடைத்த கிணறெல்லாம் இந்தியக் கிணறாக இருந்தது. அப்போதுதான் வாப்பாவின் படம் ஞாபகம் வந்தது. விளாத்தியடிக் கிணறு கேட்டால் விளாத்தியடிக் கிணறே கையில் இருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோசம் கூட வந்தது. தாஹிர் திரும்பி நின்ற பக்கத்துக்குப் புளிய மரம் அவர் தலையில் முளைத்த மாதிரி இருந்ததால், படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். கிணற்றுக் கட்டு பாசி பிடித்துக் கறுத்திருந்தது; வெள்ளையாக்கினாள். கட்டின் ஓரத்தில் வரிசையாக ஏதோ கறை, பொத்தல் போலத் தெரிந்தது. கிணற்றின் நல்ல பகுதியிலிருந்து எடுத்து அந்தக் கறைகளின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஐந்து நிமிச வேலை. மூலப் படத்துக்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை. அதன் மேலேயே துடைத்து, அதன் மேலேயே சேமித்தாள். இந்தத் தொழிலில் கால் வைத்தவன் முதல் கிழமையிலேயே படித்துக்கொள்ளும் பாடம் அது. அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

தாஹிருக்குத் தேர்தலில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் பெனர் விளாத்தியடிச் சந்தியில் தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது.

அன்று பின்னேரமே ஸும்ரா அபாயாவை மாட்டிக்கொண்டு பாலாவிக்குப் போனாள். சோளகக் காற்று ரோட்டில் மண்ணை வாரி முகத்தில் அடித்தது. தாஹிரின் மனைவி ஸுலைஹா வாசலிலேயே அவள் கையைப் பிடித்து, மெலிந்துவிட்டாய் என்று குறைப்பட்டுக்கொண்டு, வட்டிலப்பம் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஸும்ரா கரண்டியைத் தொடவில்லை.

தாஹிர் ஒளிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மாமா, அது வாப்பாட கிணறு. படம் வாப்பா எடுத்தது. நான்தான் தெரியாம வச்சிட்டன்."

"தெரியும் புள்ள. முதல்ல எனக்குத் தெரியா. பெனரக் கட்டப் போனப்ப அங்கத்த ஆக்கள்தான் சொன்னாங்க, ஹாஜியார் நிக்கிற கிணறு புளியடிப் பத்தைக்குள்ள கிடக்கெண்டு. போய்ப் பாத்தன். காடு. ஒரு மனிசக் கால் படல்ல. ரெண்டு வருசமா ஆள் வச்சு வெட்டி, வேலி போட்டு, தென்னம்புள்ள நட்டன். ஒங்கட வாப்பா எத்தின தரம் போனார்?"

"வாப்பாட்ட பஸ்ஸுக்குப் போகவே..." என்று தொடங்கி அவள் நிறுத்திக்கொண்டாள்.

"நான் பறிக்க வரல்ல. கிடந்தத எடுத்தன். போய்ப் பாரு ஒருக்கா. நீ போட்டுத் தந்த படத்த மேசனிட்டக் காட்டி, அச்சா அதே மாதிரிப் பூசி வச்சிருக்கன். ஒன்ட கைவேலக்கி நான் குடுத்த மரியாத அது."

அவள் அழுதாள். ஆட்சேபணையை எடுத்துவிடும்படி, காணியில் பாதியையாவது விடும்படி கெஞ்சினாள். தாஹிர் போனை எடுத்து அவளுடைய முகப்பைத் திறந்து மேசையில் வைத்தார். உப்புக் குவியலுக்கு முன்னால் ஸும்ரா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புத்தளத்துக் கைவண்ணமெண்டு நீயே போட்டிருக்கா. விளாத்தியடியப் பத்தி ஒரு சொல்லுண்டா இதில? வியாழக்கிழம காணிக் கந்தோர் மிஸ் கேட்டா நான் இதையும் காட்டத்தான் வேணும். கோவிக்காத மகள்."

வீட்டுக்கு வந்ததும் அந்த முகப்பை அழித்தாள். அழித்து என்ன, அவர் பிரதி எடுத்திருப்பார். படம் முதலில் வந்து விழுந்த போனை அவள் எப்போதோ மாற்றிவிட்டாள். ஒரு நாள் முழுக்கக் கொம்பியூட்டரிலும் பழைய லெப்டொப்பிலும் வாப்பாவின் மூலப் படத்தைத் தேடினாள். அழிந்த கோப்புகளை மீட்கும் கடைக்குக் கொண்டு போனாள். அங்கிருந்த பெடியன் இரண்டு மணித்தியாலம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஸக்கியா அடுப்படியிலிருந்து மகளையே கவனித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஸும்ரா சொல்லிவிட்டாள். உம்மா கேட்டுவிட்டு, அரிந்துகொண்டிருந்த சூடை மீனை அப்படியே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"வாப்பாட்டச் சொல்லாம விடுவமா உம்மா?"

"சொல்லாம விட்டா அந்த மனிசன் மிஸ்ட முன்னுக்கு நிண்டு, இது என்ட கிணறு இல்லெண்டு தன்ட வாயாலயே குடுத்திட்டு வந்திருவார். போ. போய்ச் சொல்லு. சோத்தையும் கொண்டு போ."

உப்பளத்தில் நடுப்பகல். நிலத்தில் வெள்ளை, வானத்தில் வெள்ளை, நடுவில் மனிதர்கள் கறுப்புக் கோடுகளாய்த் தெரிந்தார்கள். நெய்னார் நீள்பிடிப் பலகையால் பாத்தியில் உப்பை வாரி ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தார். பலகை இழுபடும் சத்தம் பல்லைக் கூசச் செய்தது. கால்விரல் இடுக்குகளில் உப்பு தின்ற புண். முப்பது வருசமாக அந்தப் புண் ஆறவில்லை.

வரம்பில் உட்கார்ந்து சோற்றுப் பொதியை அவிழ்த்தார். மீன் ஆணமும் வாழைக்காயும். நாலு பிடி சாப்பிடட்டும் என்று ஸும்ரா காத்திருந்தாள். பிறகு, "வாப்பா, அந்தக் கிணறு எங்கட இல்லெண்டு எப்பிடிக் கண்டீங்க?" என்று கேட்டாள்.

நெய்னார் சிரித்தார். "சிப்பி இல்லையே."

"என்ன சிப்பி?"

"ஒனக்குச் சொல்லல்லயா? கிணறு கட்டேக்க எங்கட வாப்பா பச்சச் சீமெந்தில முத்துச் சிப்பி பதிச்சவர். ஏழு புள்ளைக்கு ஏழு சிப்பி. குளிக்கப் போனா அவனவன் தன்ட சிப்பிக்கு முன்னுக்குத்தான் நிக்கணும். நடுவான் நான். நாலாவது. என்டதில ஒரு கீறல் ஓடும். அதுக்காக நான் அழுதிருக்கன், எனக்கு மட்டும் ஒடஞ்சத வச்சிட்டாரெண்டு." ஒரு பிடி சோற்றை உருட்டினார். "விண்ணப்பத்திலயும் எழுதியிருக்கன். தாஹிருட கிணத்தில கட்டு மொழுமொழுண்டு இருக்கு."

வரிசையாக இருந்த கறைகள். ஒவ்வொன்றாகத் துடைத்தது அவள் விரல்நுனிக்கு இன்னும் ஞாபகமிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கொஞ்சம் பிடிவாதமாக நின்றதால் இரண்டுதரம் துடைத்தாள்.

அவள் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, எதையும் விடாமல் சொன்னாள். படத்தை எடுத்தது, திருப்பியது, வெள்ளையாக்கியது, துடைத்தது, தாஹிர் மேசனை வைத்துப் பூசியது.

நெய்னார் கையிலிருந்த சோற்று உருண்டையைப் பொதிக்குள் திரும்ப வைத்தார். பொதியை மடித்தார். எழும்பிப் போய்ப் பலகையை எடுத்தார். அன்று பின்னேரம் வரை அந்தப் பாத்தியில் பலகைச் சத்தம் ஓயவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஏசியிருந்தால் ஸும்ராவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தேத்தண்ணி வேண்டுமானாலும் ஸக்கியாவிடம்தான் கேட்டார்.

வியாழக்கிழமை விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு இருவரும் பஸ் ஏறினார்கள். எலுவன்குளம் வழியாகக் காட்டுக்குள்ளால் போனால் பக்கம்; அந்தப் பாதை மூடப்பட்டிருப்பதால் அனுராதபுரம் சுற்றித்தான் போக வேண்டும். ஸக்கியா பாணுக்குள் மாசிச் சம்பல் வைத்துச் சுற்றித் தந்திருந்தாள். நெய்னார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஸும்ராவின் மடியில் பழைய லெப்டொப். பாண் பொதியை இருவருமே பிரிக்கவில்லை.

காணி உத்தியோகத்தர் ஒரு தமிழ்ப் பெண்; எல்லோருக்கும் 'மிஸ்'. ஐம்பது வயதிருக்கும். மேசையில் கோப்புகள், தலைக்கு மேல் சத்தம் போடும் மின்விசிறி. தாஹிர் ஏற்கெனவே வந்து, இஸ்திரி கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்தார். நெய்னாரைக் கண்டு எழும்பிச் சலாம் சொன்னார். நெய்னார் பதில் சொன்னார். சலாத்துக்குப் பதில் சொல்லாமல் விட அவருக்குத் தெரியாது.

தாஹிர் தன் பக்கத்தை நன்றாகவே சொன்னார். வேலி, தென்னம்பிள்ளை, பூசிய கிணறு, கூலி ஆட்களின் கையெழுத்து. பெனர் படம், அதன் திகதி. பிறகு ஸும்ராவின் முகப்பு. இந்தக் குடும்பம் புத்தளத்தில் வேரூன்றிவிட்டது மிஸ், மகளே பெருமையாக எழுதி வைத்திருக்கிறா என்றார்.

ஸும்ரா லெப்டொப்பைத் திறந்தாள். பெனரின் மூலக் கோப்பை எடுத்து அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினாள். எழுத்தை மறைத்தாள். தங்கக் கோட்டை மறைத்தாள். தாஹிரை மறைத்தாள். கிணறும் மரமும் மட்டும் நின்றன.

"பாருங்க மிஸ். இவர் அங்க நிக்கவேயில்ல. நான்தான் ஒட்டினன். கிணத்துப் படம் எங்கட வாப்பா எடுத்தது. இதில ஏழு சிப்பி இருந்திச்சு. நான் துடைச்சிட்டன்."

மிஸ் திரைக்குக் குனிந்து பார்த்தாள். குரலில் கோபமில்லை. "தங்கச்சி, இவர் நிக்கிறது பொய்யெண்டு நீங்களே காட்டிட்டீங்க. அது சரி. ஆனா இல்லாத ஆள வைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, இல்லாத சிப்பி இருந்ததெண்டு சொல்லவும் தெரியும்தானே? நான் எத நம்புறது?"

வாழ்க்கையில் ஸும்ரா கற்ற ஒரே வேலையே அவளுக்கு எதிர்ச்சாட்சியாயிற்று.

மிஸ் கோப்பைப் புரட்டி, நெய்னாரின் பழைய விண்ணப்பத்தை எடுத்து வாசித்தாள். அடையாளங்கள் என்ற இடத்தில் கோணல் எழுத்தில் இருந்தது: புளிய மரம் ஒன்று, கிணறு ஒன்று, கட்டில் ஏழு முத்துச் சிப்பி பதித்தது.

"சிப்பியுமில்ல சங்குமில்ல மிஸ்," என்றார் தாஹிர். "வந்து பாருங்க. கட்டு கண்ணாடி மாதிரி."

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் எனக்கு இன்னொரு இடமும் பாக்க இருக்கு. ரெண்டு மணிக்கு வாறன். நீங்க ரெண்டு பகுதியும் அங்க வந்து நில்லுங்க."

வாப்பாவும் மகளும் ஓட்டோவில் போனார்கள். தார் ரோட்டு முடிந்து, செம்மண் முடிந்து, மணல் தொடங்கியது. சந்தியில் வெயிலில் வெளிறிய பெனர் ஒன்று ஒரு கயிற்றில் தொங்கிக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. புதுக் கம்பி வேலி. இடுப்பளவு தென்னம்பிள்ளைகள். புளிய மரம். அதன் கீழே அவள் செய்த கிணறு.

அவளுடைய படத்திலிருந்தபடியே அது நின்றது. அதே வெள்ளை, அதே வழவழப்பு. அவள் திரையில் ஐந்து நிமிசத்தில் துடைத்ததை எவனோ ஒரு மேசன் சீமெந்தால் துடைத்து முடித்திருந்தான். வாப்பாவின் ஊரை அவள் முதல்முதலாகக் கண்டது இப்படித்தான்.

நெய்னார் கிணற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உள்ளங்கையைக் கட்டின் மேல் வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். பற்றையெல்லாம் போய் அடையாளம் மாறிய வட்டத்தில், சிப்பி எந்தப் பக்கமென்று கைக்குப் பிடிபடவில்லை. குருடன் முகம் தடவுவது போலிருந்தது. பிறகு கையை எடுத்துச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, புளியடியில் போய் நின்றார்.

இரண்டரை மணிக்கு மிஸ் வந்தாள். குடையை விரித்தபடி ஜீப்பிலிருந்து இறங்கிக் கட்டைப் பார்த்தாள், விண்ணப்பத்தைப் பார்த்தாள். பேனையைத் திறந்தாள்.

"மிஸ், பூச்சுக்குக் கீழ இருக்கு," என்றாள் ஸும்ரா. "ஒடச்சிப் பாக்க விடுங்க."

"இது என்ட கட்டு," என்றார் தாஹிர். "என்ட சீமெந்து. ஒடைக்க ஏலாது."

மிஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "சிப்பி இல்லெண்டுதானே சொல்றீங்க ஹாஜியார்? இல்லாட்டி பூச்சுத்தானே போகுது. பத்து நிமிசம் தங்கச்சி. அதுக்கு மேல நிக்க மாட்டன்."

ஸும்ரா வேலியோரம் கிடந்த கருங்கல் ஒன்றைத் தூக்கினாள். எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். படத்தில் தாஹிரின் முழங்காலுக்கு அருகே, இடது பக்கம். அந்த இடத்தைப் புள்ளி புள்ளியாக அறிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். இடப்பக்கம் குந்தியிருந்து அடித்தாள். பூச்சு சிதறி முகத்தில் தெறித்தது. அடியில் வெறும் பழைய சீமெந்து. இன்னும் கொஞ்சம் தள்ளி அடித்தாள். வெறும் சீமெந்து. கல்லின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. ஒரு முழ நீளத்துக்கு உடைத்தும் ஒன்றுமில்லை.

"சொன்னன்தானே," என்றார் தாஹிர், மெதுவாக. அதில் கேலியில்லை, களைப்புத்தான் இருந்தது.

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு நிமிசம் போச்சு."

ஸும்ரா நிமிர்ந்தாள். கண்ணில் சுண்ணாம்பு எரிந்தது. மங்கலாகப் புளிய மரம் தெரிந்தது. அதன் பெரிய கொப்பு இடது பக்கம் சரிந்திருந்தது. இடது பக்கம். பெனரில் அது வலது பக்கம் சரிந்திருந்தது.

திருப்பிப் போட்டவள் அவளல்லவா.

கட்டைச் சுற்றி ஓடி மறுபக்கம் விழுந்தாள். முதல் அடியில் பூச்சு பாளமாகக் கழன்றது. உள்ளே, பாசிக் கறுப்பின் நடுவில், நகமளவில் ஒரு மினுக்கம். அடுத்த அடியில் இன்னொன்று. இரத்தமும் சுண்ணாம்பும் குழைந்து கையில் வழிந்தது. கல்லைப் போட்டுவிட்டு நகத்தால் கெல்லினாள். சிப்பிகள் வரிசையாக வந்தன, பல் முளைப்பது போல. தாஹிர் ஓரெட்டு முன்னால் வந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிஸ் குடையை மடக்கிவிட்டுக் குனிந்து எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள்.

"ஆறுதானே இருக்கு. இதில ஏழெண்டு எழுதியிருக்கு."

மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு குழி மட்டும் இருந்தது. புதுக் குழி. அவள் அடித்த அடியில் பெயர்ந்த குழி.

ஸும்ரா மணலில் முழங்காலிட்டு, விழுந்த பாளங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வெள்ளைத் துண்டு, வெள்ளைத் துண்டு, எல்லாமே வெள்ளை. நெய்னார் புளியடியிலிருந்து வந்து, எதிரே குந்தி, அவரும் புரட்டத் தொடங்கினார். இருவர் கையும் ஒரே மணலைக் கிளறின. ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கடைசியில் உள்ளங்கையளவு பாளமொன்றின் அடிப்பக்கத்தில் அது ஒட்டியிருந்தது. பழைய கீறல் வழியே இரண்டாகப் பிளந்திருந்தது. நெய்னார் அதை நகத்தால் பக்குவமாகப் பெயர்த்து, ஊதி, சாரத்தில் துடைத்தார்.

குழிக்குள் வைத்தார். இரண்டு துண்டும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. கையை எடுத்தால் விழுந்தது. ஸும்ரா தன் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

மிஸ் எழுதினாள். ஏழு என்று எழுதியதை வாய்விட்டுச் சொல்லியே எழுதினாள். ஆட்சேபணையைத் தள்ளும்படி மேலிடத்துக்கு எழுதுவதாகவும், பெர்மிட் எப்போது வருமென்று தன்னால் சொல்ல முடியாதென்றும், வேலியும் தென்னம்பிள்ளையும் வேறு விசாரணை என்றும் சொன்னாள். தாஹிர் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, வேலிப் படலையைத் திறந்துகொண்டு போனார்.

மிஸ் போனை எடுத்தாள். "படம் நான்தான் எடுக்கணும். நீங்க தொடாதீங்க. அந்த விரல எடுங்க தங்கச்சி. கந்தோர்ப் படத்தில ஆள்ட கை வரக் கூடாது."

"எடுத்தா விழுந்திரும் மிஸ்," என்றாள் ஸும்ரா.

"விரலோட எடுத்தா, யாரோ பிறகு கொண்டுவந்து ஒட்டிப் பிடிச்ச மாதிரித்தானே படத்தில தெரியும்."

ஸும்ரா என்ன செய்வதென்று தெரியாமல் விரலைத் தளர்த்தினாள். சிப்பி சரிந்தது. நெய்னார் அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரலைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்து அழுத்தினார். மூன்று நாளாகக் கேட்காத குரல் அவளுடைய காதருகில் கேட்டது.

"இருக்கட்டும் மிஸ். அப்பிடியே எடுங்க. அது என்ட மகள்ட விரல்."

மிஸ் குனிந்து, வெயில் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு எடுத்தாள். ஏழு சிப்பியும் அதில் விழுந்தன. நாலாவதின் மேல், நகம் பிய்ந்து இரத்தம் வடிந்த ஒரு விரலும் விழுந்தது.